வார்டில் கேட்கும் கேள்விகள்: ஒரு செவிலியின் பதில்கள்

தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் தனியார் மருத்துவமனை. கட்டிலருகே நின்று கேட்டவை, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டவை, பயிற்சிக்கு வரும் மாணவிகள் தயங்கித் தயங்கிக் கேட்டவை என்று திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. எங்கள் வார்டிலேயே இவற்றை மறுத்துப் பேசுகிறவர்கள் உண்டு.

உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? நர்ஸா, சிஸ்டரா, செவிலியரா?

எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்போம், "ஏய்" என்பதையும் கைதட்டுவதையும் தவிர. "சிஸ்டர்" என்பதுதான் வார்டின் பேச்சு வழக்கு. ஆண் செவிலியர் "பிரதர்". கிராமத்துப் பெரியவர்களுக்கு நான் "நர்ஸம்மா". அரசாணையிலும் பெயர்ப்பலகையிலும் மட்டும் "செவிலியர்".

ஆனால் அந்தச் சொல்லின் மீது எனக்குத் தனிப் பிரியம். சங்கப் பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடிக்கொண்டு பாலை வழியில் கால் நோக நடப்பவள் செவிலிதான். ராத்திரி மூன்று மணிக்குக் கழிப்பறைக்குப் போன நோயாளி திரும்பி வராமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடிப் போகும்போதெல்லாம் அவளை நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஷிப்டில் நீங்கள் செய்வது என்ன? ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தானே?

கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். வேலையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அது பார்த்துக்கொண்டிருப்பது.

எங்கள் மருத்துவமனையில் காலை ஏழரைக்குப் பொறுப்பு மாறும். இரவு பார்த்தவர் படுக்கை படுக்கையாக அழைத்துப் போய்ச் சொல்வார். ஒரு நாள் அப்படிச் சொன்னது: "பன்னிரண்டாம் படுக்கை, கல்லீரல் கெட்டவர், நேற்று வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் விரிப்பைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்." கேட்கிறவருக்கு அது வெறும் புகார். எங்களுக்கு அது எச்சரிக்கை. கல்லீரல் நோயாளி இரவில் விழித்துப் பகலில் தூங்கத் தொடங்கினால், நச்சு மூளையைத் தொடுகிறது என்று பொருள். உடனே போய் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னேன். கைகள் பறவை இறக்கை அடிப்பதுபோலத் துடித்தன. எத்தனை நாளாக மலம் போகவில்லை என்று மனைவியிடம் கேட்டேன். மூன்று நாள். மலம் தங்கினால் அந்த நச்சும் தங்கும்; மருத்துவருக்குச் சொல்ல இவ்வளவு போதும். அன்று மாலை அவர் நினைவிழக்காமல் காபி கேட்டார்.

அடுத்து அவசர டிராலி. அட்ரினலின் ஆம்பியூல்கள் எண்ணிக்கை சரியா, ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, தொண்டைக்குள் பார்க்கும் கருவியின் விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஒருவர் மூச்சு நின்ற பிறகு அந்தக் குட்டி பல்பைச் சோதிக்க முடியாது.

பிறகு காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. இங்கே எங்கள் கூட்டத்தின் ரகசியம் ஒன்றை உடைக்கிறேன். பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். எல்லோரும் நிமிடத்துக்கு இருபது முறை மூச்சு விட்டிருப்பார்கள். யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நாற்பது பேருக்கு நாற்பது நிமிடம். அந்த நேரம் இல்லாதபோது பேனா தானாகவே இருபது என்று எழுதிவிடுகிறது. உடல் மோசமாகப் போகிறது என்பதை ரத்த அழுத்தத்துக்கு முன்பே சொல்லிவிடுவது பெரும்பாலும் மூச்சுதான். இது தெரிந்தும் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

கூப்பிட்டால் ஏன் உடனே வருவதில்லை?

இதைக் கோபமாகக் கேட்பவர்கள்தான் அதிகம். கணக்காகச் சொல்கிறேன்.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலி இருக்க வேண்டும். மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். போன வாரம் என் இரவுப் பணியில் நாற்பத்து நான்கு நோயாளிகள், நான் ஒருத்தி, ஒரு பயிற்சி மாணவி.

இரவு பத்து மணி ஊசிகள் இருபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டு, கேஸ் ஷீட்டைப் பார்த்து, மருந்தைக் கரைத்து, கையில் போட்டிருக்கும் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றச் செருகிவைக்கும் சின்னக் குழாய்) அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ஊசியைச் செலுத்தி, கையெழுத்துப் போட வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நரம்பில் இரண்டிலிருந்து நான்கு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். சராசரியாக ஆளுக்கு நான்கு நிமிடம் என்றாலே 104 நிமிடம் ஆகிறது. அதாவது பத்து மணி ஊசி முடியும்போது மணி பதினொன்றே முக்கால். நடுவில் புதிதாக ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவருவார்கள். ஒருவர் வாந்தி எடுப்பார். ஒருவர் மின்விசிறி ஓடவில்லை என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான், மே மாதத்தில்.

எனவே கூப்பிட்டவுடன் நான் வராவிட்டால் இன்னொரு கட்டிலருகே நிற்கிறேன் என்று கொள்ளுங்கள். ஆனால் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நினைவு தப்புதல், ரத்தக் கசிவு என்றால் கூப்பிடுவதோடு நிறுத்தாமல் நேரே வந்து தோளைத் தொட்டுச் சொல்லுங்கள். ஓடி வருவேன்.

டிரிப் பாட்டில் முடிந்துவிட்டால் காற்று உடம்புக்குள் போய் ஆளைக் கொன்றுவிடுமாமே?

நாளைக்குப் பத்து முறை கேட்கும் கேள்வி. பாட்டிலில் அரை அங்குலம் இருக்கும்போதே மகன் ஓடி வருவார், அடுத்து மருமகள், அடுத்து பக்கத்துக் கட்டில்காரர்.

கம்பத்தில் தொங்கும் சாதாரண டிரிப், உயரத்தால்தான் இறங்குகிறது. பாட்டில் காலியானதும் குழாயில் இருக்கும் நீர் கொஞ்சம் இறங்கி, ரத்தக் குழாயின் அழுத்தத்துக்குச் சமமான இடத்தில் நின்றுவிடும். காற்று உள்ளே பாயாது. மாறாக, ரத்தம் கொஞ்சம் குழாயில் ஏறும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். அதனால் வரும் தொல்லை வேறு: ஏறிய ரத்தம் உறைந்து வென்ஃப்ளான் அடைத்துக்கொள்ளும், மறுபடி ஒரு குத்து. பம்பு வைத்தோ அழுத்தம் கொடுத்தோ ஏற்றும்போதும், பாதி காலியான குழாயில் புதுப் பாட்டிலை அப்படியே மாட்டும்போதும் காற்று ஆபத்துதான். அதைப் பார்ப்பது எங்கள் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது, முடிந்ததும் குழாயிலுள்ள சின்னச் சக்கரத்தை உருட்டி மூடிவிட்டுச் சொல்வது.

வேகத்தைக் கூட்டுவதற்காக மட்டும் அந்தச் சக்கரத்தைத் தொடாதீர்கள். "சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்று நினைத்து, இதயம் பலவீனமான தன் அப்பாவுக்கு முழுவதும் திறந்துவிட்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். 500 மில்லி நான்கு மணி நேரத்தில் போக வேண்டுமென்றால், மில்லிக்கு இருபது சொட்டு விழும் குழாயில் நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு. அதை எண்ணித்தான் வைத்துவிட்டுப் போகிறோம்.

"தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ்" போட்டால் நல்லதுதானே?

500 மில்லி ஐந்து சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்து தேக்கரண்டி. வாயால் சாப்பிட முடிகிறவருக்கு இரண்டு இட்லி அதைவிட நல்லது, குத்தும் வேண்டாம். இதைச் சொன்னால் "காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்" என்பார்கள்.

நரம்பு கிடைக்காமல் மூன்று நான்கு முறை குத்துவது ஏன்?

முதலில், அது நரம்பு இல்லை, ரத்தக் குழாய். ஆனால் நாங்களும் நரம்பு என்றுதான் சொல்கிறோம், இனி மாற்ற முடியாது. நீர் வற்றிய உடல், வயதானவர்களின் வழுக்கி ஓடும் குழாய், பலமுறை மருந்து ஏறித் தடித்துப்போன கை, குழந்தையின் கொழுகொழுக் கை ஆகியவற்றில் கிடைப்பது கடினம். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி, இரண்டு முறை தவறினால் கையை எடுத்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுவது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது முறை குத்துவது வீம்பு.

மருந்து மாற்றிப் போட்டதுண்டா?

போடும் தறுவாய்வரை போயிருக்கிறேன்.

நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு வலிமையில் வருகிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு. நாற்பதுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. எங்கள் வார்டில் அப்போது இருந்தது நாற்பது. சிவப்பு மூடி சிரிஞ்சுக்கே கை பழகியிருந்தது. ஒரு நாள் நோயாளியின் மனைவி, வீட்டிலிருந்த குப்பியை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "இதையே போடுங்கள், வீணாகப் போகிறது" என்று கொடுத்தார். இருபது யூனிட் போட வேண்டும். சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபது கோடுவரை இழுத்தேன். பக்கத்தில் நின்ற மாணவி மிக மெதுவாக, "சிஸ்டர், இந்தக் குப்பியில் நூறு என்று போட்டிருக்கிறதே?" என்றாள்.

அந்தச் சிரிஞ்சில் இருபது கோடு என்பது அரை மில்லி. நூறு வலிமைக் குப்பியில் அரை மில்லி என்றால் ஐம்பது யூனிட். இரண்டரை மடங்கு. அந்த மனிதர் இரவுச் சாப்பாட்டையும் சரியாகச் சாப்பிடாதவர்.

சிரிஞ்சைக் கழித்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். கை நடுங்கியது. தலைமைச் செவிலியரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அடுத்த வாரமே இரண்டு வகைச் சிரிஞ்சுகளையும் தனித்தனி டப்பாக்களில் வைக்க ஏற்பாடு செய்தார். எல்லோருக்கும் அப்படி ஒரு மேலாளர் வாய்ப்பதில்லை. தவறைச் சொன்னவருக்கு மெமோ கொடுக்கும் இடத்தில் அடுத்த தவறு வெளியே வராது, அவ்வளவுதான் நடக்கும். அன்றிலிருந்து குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் இழுக்கிறேன். மாணவிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்க் குப்பியையும் சிரிஞ்சையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால்?

நடக்கும். பெரும்பாலும் ஊசியை மறுபடி மூடியில் நுழைக்கும்போது, அல்லது யாரோ கட்டிலில் போட்டுவிட்டுப் போன ஊசியை விரிப்போடு சேர்த்து அள்ளும்போது. இரண்டாவது வகையில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்களைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிகள் வெள்ளை நிறத் துளைபடாப் பெட்டிக்கும் கண்ணாடிக் குப்பிகள் நீலத்துக்கும் போக வேண்டும். பெட்டி வார்டின் கோடியில் இருந்தால் ஊசி கட்டிலோரத்தில்தான் கிடக்கும். கழிவு விதியைச் சுவரில் ஒட்டுவதைவிடப் பெட்டியை டிராலியில் வைப்பது முக்கியம்.

குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். பிழியக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் ஊசி என்றால் தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் அஞ்சுகிறார்கள். ஒரு குத்தில் அது தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) தொற்றும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு, முப்பது சதவீதம்வரை போகும். மூன்று தவணைத் தடுப்பூசியை முடிக்காமல் எந்த மாணவியும் வார்டுக்குள் நுழையக் கூடாது என்பது என் கட்சி.

எனக்கு ஒருமுறை குத்தியது. நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அன்றிரவு வீட்டில் சமையலறைப் பக்கமே போகவில்லை. காய் நறுக்கும்போது கை வெட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். மருத்துவ அறிவு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

உறவினர்கள் சண்டைக்கு வரும்போது என்ன செய்வீர்கள்?

மருத்துவமனைகளிலும் மருத்துவப் பணியாளர்கள் மீதும் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. பத்தாண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. மருத்துவருக்கு மட்டுமல்ல, செவிலியருக்கும் அது பொருந்தும். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு ஐந்து பேர் சூழ்ந்து நிற்கும்போது சட்டம் நினைவுக்கு வராது, கதவு எந்தப் பக்கம் என்பதுதான் வரும்.

என் அனுபவத்தில் பத்துச் சண்டையில் ஏழு, யாரும் எதுவும் சொல்லாததால் வந்தவை. உள்ளே கொண்டுபோன தந்தைக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு மணி நேரம் ஒருவரும் வெளியே வந்து சொல்லவில்லை என்றால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். நான் கற்றுக்கொண்டது, அரை மணிக்கு ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்து, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் அண்ணே, உட்காருங்கள்" என்று சொல்வது. அது மருத்துவத் தகவலே இல்லை. ஆனாலும் வேலை செய்கிறது.

மீதி மூன்று, குடித்துவிட்டு வருபவை. அதற்கு என்னிடம் வழி இல்லை. வாசலில் காவலர் வேண்டும்.

அரசு மருத்துவமனையில் ஒவ்வொன்றுக்கும் காசு கேட்கிறார்களே?

கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள, குழந்தையைக் காட்ட, ஆண் பிள்ளை என்றால் ஒரு தொகை, பெண் என்றால் கொஞ்சம் குறைத்து. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். நான் வாங்கியதில்லை. பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கொடுக்காதீர்கள். கேட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், அல்லது கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது பழம் வாங்கி வந்து மேசையில் வைக்கிறவர்களை இதில் சேர்க்கவில்லை. அந்தப் பழத்தை இரவுப் பணியில் பங்குபோட்டுச் சாப்பிடுவோம்.

சம்பளம் எப்படி?

நிரந்தர அரசுப் பணி என்றால் குறை சொல்ல மாட்டேன். அங்கே போய்ச் சேரும்வரைதான் கதை. தமிழ்நாட்டில் 2015-இல் தேர்வெழுதி வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் திரண்டு உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும். என்னோடு ஒரே வார்டில் இருந்த இருவர் அதில் போய் உட்கார்ந்தார்கள். ஒரே ஊசி, ஒரே கட்டில், ஒரே இரவு, ஆனால் அவர்கள் வாங்கியது என் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான். பிறகு தொகுப்பூதியம் உயர்ந்தது. கொரோனாக் காலத்தில் எடுக்கப்பட்ட தற்காலிகச் செவிலியர்களின் ஒப்பந்தமோ 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. கைதட்டிப் பாராட்டிய வீட்டு மொட்டைமாடிகள் அன்று அமைதியாக இருந்தன.

தனியாரைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவையடுத்து மத்திய அரசு அமைத்த குழு ஓர் அளவைச் சொன்னது: ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்குச் சமமான ஊதியம். பரிந்துரை தாளில் அழகாகவே இருக்கிறது. நான் முதலில் வேலை பார்த்த தனியார் இடத்தில் அசல் சான்றிதழ்களை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். வெளியே வர நான்கு மாதம் அலைந்தேன். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் போதும், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.

ஜி.என்.எம். (செவிலியர் பட்டயப் படிப்பு) படிப்பதா, பி.எஸ்சி. நர்சிங் படிப்பதா?

முடிந்தால் பி.எஸ்சி. நான்கு ஆண்டு ஆகும், ஆனால் மேல்படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் கதவு திறந்திருக்கும். மூன்று ஆண்டு ஜி.என்.எம். படித்து அருமையாக வேலை செய்பவர்களை எனக்குத் தெரியும், பட்டம் வாங்கியும் பெட்பேனைத் தொடக் கூச்சப்படுகிறவர்களையும் தெரியும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவிகளை எந்த மருத்துவமனைக்கு, வாரத்தில் எத்தனை நாள் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். வார்டையே பார்க்காத சிலர் கைகழுவத் தெரியாமல் முதல் வகுப்பில் தேறி வருகிறார்கள்.

வெளிநாடு போகலாமா?

போகலாம். கடன் அடைக்க, வீடு கட்ட, தங்கையைக் கரையேற்ற என்று எங்கள் வகுப்பிலிருந்து பதினோரு பேர் போனார்கள். வளைகுடா நாடுகளுக்குப் புரோமெட்ரிக் என்ற உரிமத் தேர்வு, பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, அமெரிக்காவுக்கு என்.சி.எல்.இ.எக்ஸ். உரிமத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

போன தோழிகளிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் முதலில் சொன்னது அதுவல்ல. "எனக்கு ஒரு ஷிப்டில் ஆறு நோயாளிகள்தான்" என்றாள் ஒருத்தி. எனக்குப் பொறாமை வந்தது அதைக் கேட்டபோதுதான்.

நர்ஸ் பெண்ணைக் கல்யாணம் செய்தால் வீடு நடக்குமா?

நடக்கும், வீட்டிலுள்ள மற்றவர்களும் நடந்தால். இரவுப் பணி எங்களுக்கு மாலை ஏழரையிலிருந்து காலை ஏழரை, பன்னிரண்டு மணி நேரம். வீடு திரும்பி ஒன்பது மணிக்குப் படுத்தால், ஒன்பதரைக்குக் கீரைக்காரி, பத்துக்கு காஸ் சிலிண்டர், பதினொன்றுக்கு "பகலில் என்ன தூக்கம்" என்று ஒரு குரல். என் மாமியார் முதல் இரண்டு ஆண்டு அப்படித்தான் இருந்தார். அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து எங்கள் மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் கிடந்தபோது, இரவு முழுக்க வார்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வீடு திரும்பியதும் அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கி வைத்தார். இன்றுவரை மாட்டவில்லை.

சாவைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடுமா?

வேலை பழகிவிடும். குழாய்களை எடுப்பது, முகம் துடைப்பது, தாடையையும் கால் பெருவிரல்களையும் கட்டுவது, பெயர்ச் சீட்டைக் கட்டுவது எல்லாம் கை தானாகச் செய்யும். சாவு பழகியதா என்று கேட்டால், சில பேருடையது பழகியது.

உறவினர்கள் அழுகைக்கு நடுவில் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "சரியான நேரம் என்ன, சிஸ்டர்?" அடைப்பு நட்சத்திரமா, அதாவது அதில் இறந்தால் வீட்டைப் பூட்டிவைக்க வேண்டிய நட்சத்திரமா என்று பார்க்க வேண்டும். மருத்துவர் இ.சி.ஜி. எடுத்து உறுதி செய்து எழுதும் நேரம் ஒன்று, மூச்சு நின்றதை நான் பார்த்த நேரம் ஒன்று. ஒருமுறை ஒரு பெரியவர் மனைவியின் காலருகே உட்கார்ந்துகொண்டு பஞ்சாங்கம் பார்த்த தம்பியோடு போனில் பேசினார். பிறகு என்னிடம் வந்து, "பத்து நிமிஷம் முன்னால் எழுத முடியுமாம்மா? அதற்கப்புறம் நட்சத்திரம் மாறிவிட்டதாம். ஆறு மாதம் வீட்டைப் பூட்ட வேண்டும், எனக்குப் போக வேறு வீடு இல்லை" என்றார்.

பதிவேட்டில் எழுதியதை மாற்ற முடியாது என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு நான், "பதிவேட்டில் இருப்பது டாக்டர் வந்து பார்த்த நேரம், ஐயா. மூச்சு நின்றபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது கால் மணி நேரம் முந்தி" என்றேன். அது உண்மையும்கூட. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

மே 12 செவிலியர் தினத்துக்கு என்ன செய்வீர்கள்?

நைட்டிங்கேல் பிறந்தநாள். மெழுகுவத்தி ஏற்றுவோம், உறுதிமொழி எடுப்போம், கேக் வெட்டுவோம். யாராவது "வெள்ளுடைத் தேவதைகள்" என்று பேசுவார். தேவதைக்குச் சாப்பாட்டு இடைவேளையும் கழிப்பறையும் தேவைப்படாது என்பதால் அந்தப் பட்டம் எனக்குப் பிடிப்பதில்லை. அந்த அம்மையார் கிரிமியப் போர் மருத்துவமனையில் விளக்கை மட்டும் ஏந்தவில்லை. செத்தவர்களைக் கணக்கெடுத்து, எதனால் செத்தார்கள் என்று படம் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தவர். பேச்சாளர்கள் அதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

நோயாளியை அட்மிட் செய்யும்போது நாங்கள் என்ன கொண்டுவர வேண்டும்?

வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு. "வெள்ளையாக, சின்னதாக இருக்கும்" என்றால் ஆயிரம் மாத்திரை அப்படித்தான் இருக்கும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்து ஒவ்வாது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார். மூக்குக் கண்ணாடி, காது கருவி, பல்செட்டுக்கு ஒரு டப்பா. இவை இல்லாமல் ராத்திரியில் குழம்பிப்போகும் முதியவர்கள் ஏராளம். நகைகளைக் கழற்றி வீட்டில் வையுங்கள். ஒரு பெட்ஷீட், ஒரு பிளாஸ்க். உடனிருக்க ஒருவர் போதும், ஐந்து பேர் வேண்டாம். போன் சார்ஜர் கொண்டுவருவது உங்கள் விருப்பம். எங்கள் வார்டில் வேலை செய்யும் பிளக் பாயின்ட் இரண்டு, அதில் ஒன்று நெபுலைசருக்கு.